விரைந்த கையும் நிதானமான கண்ணும்

கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி ஆகிய இரண்டு நாள்கள். அதனால், பிற மாநிலங்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மாலையில் பெருகும் கூட்டம் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய ஊர்களின் பேரங்காடிகளில் வியாழக்கிழமை மாலையே வந்துவிடுகிறது. குடும்பம் குடும்பமாக வருவோர் தள்ளுவண்டிகளை நிரப்பிக்கொண்டு போகின்றனர். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அதே அடுக்குகளைப் பார்த்தால், காலையில் பார்த்த கடைதானா இது என்று தோன்றும். பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஒரு கிச்சாப்புப் புட்டி நிற்கும். சவர்க்காரத் தட்டில், யாரோ ஒருவர் மனம் மாறி விட்டுச்சென்ற கோழி இறைச்சிப் பொட்டலம் வியர்த்துக் கிடக்கும். மைலோ டின்களின் முன்வரிசை காலியாகி, கைக்கு எட்டாத ஆழத்தில் இரண்டு மட்டும் எஞ்சியிருக்கும்.

மறுநாள் காலையில் கதவு திறக்கும்போது எல்லாம் மீண்டும் நேராக நிற்க வேண்டும். இடையில் இருக்கும் நேரம் குறைவு, கைகளும் குறைவு. அந்தக் கைகளுள் பல, எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் கைகள். பேனாவைக் கீழே வைத்த சில நாள்களிலேயே அவர்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கிவிடுகின்றனர். கல்லூரிக் கட்டணம், மோட்டார் சைக்கிள் உரிமம், வீட்டுச் செலவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது யோசிக்கத் தேவையில்லாத வேலை. பொருளை எடுத்துத் தட்டில் வைத்தால் முடிந்தது. ஆனால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எதிரில் வந்து நிற்கும். வேகமாக முடிப்பதா, சரியாக முடிப்பதா?

அத்தகைய ஒரு பெண்ணின் முதல் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் கழியும். “கடை மூடுவதற்குள் இந்த வரிசை முடிந்தாக வேண்டும்” என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் சுறுசுறுப்பானவள். பெட்டியைக் கிழித்து, புதிய டின்களை முன்னால் அடுக்கி, பெயர் தெரியும்படி திருப்பிவைத்து, அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறாள். குறித்த நேரத்துக்கு முன்பே வரிசை முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக அங்கே பணிபுரியும் மூத்த பணியாளர் ஒருவர் வந்து பார்க்கிறார்.

“தங்கச்சி, பார்க்க அழகா இருக்கு. பின்னுக்குக் கையை விட்டுப் பாரும்மா.”

அவள் கையை விட்டு ஒரு டின்னை எடுக்கிறாள். அதன் காலாவதித் தேதிக்கு இன்னும் பத்து நாள்கள்தாம் உள்ளன. முன்னால் இருக்கும் டின்களோ அடுத்த ஆண்டுவரை தாங்கும்.

“முன்னுக்கு அடுக்கினா சீக்கிரம் முடியுது அக்கா.”

“இன்னைக்குச் சீக்கிரம் முடியும். பத்து நாள் கழிச்சு இதை எடுத்துக் குப்பையில போடுறதுக்கும் ஒரு ஆள் வேணும், இல்லையா?”

அந்த அக்காள் சொன்னது கடைத்தொழிலின் மிகப் பழைய விதி. முதலில் வந்த பொருள் முதலில் போக வேண்டும். வீட்டு அரிசிப் பாத்திரத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அடியில் பழைய அரிசி இருக்கும்போதே மேலே புதிய அரிசியைக் கொட்டிக்கொண்டே இருந்தால், அடியில் உள்ளது என்றைக்கும் வெளியே வராது. ஒருநாள் வண்டுதான் வெளியே வரும். கடையில் வண்டுக்குப் பதில் சட்டம் வரும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி, தேதி குறிக்கப்பட வேண்டிய உணவு வகைகளை அத்தேதி கடந்த பிறகு விற்கக்கூடாது. ஆகவே, தட்டின் பின்புறம் மறைந்துகிடக்கும் ஒரு டின் வெறும் கவனக்குறைவு மட்டுமன்று.

தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. தோட்டத்து மளிகைக்கடையில் பொருள்கள் மேசைக்குப் பின்னால் இருந்தன. வாங்க வந்தவர் வாசலருகே நின்று, “அரைக் கிலோ பருப்பு, ஒரு கட்டுச் சவர்க்காரம்” என்பார். கடைக்காரரே எழுந்து எடுத்துக் கொடுப்பார். கடனானால் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அடுக்குகளைத் தொட்டவை ஓரிரண்டு கைகளே. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதை அக்கைகள் விளக்கில்லாமலே அறியும்.

வாங்குபவரே அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையை 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தம் ‘பிக்லி விக்லி’ கடையில் தொடங்கினார். பிறகு அது உலகெங்கும் பரவியது. விலை குறைந்தது, தேர்ந்தெடுக்கும் உரிமை கூடியது. அதோடு ஒரு புதிய வேலையும் பிறந்தது. நூறு பேர் தொட்டுக் கலைத்ததை ஒருவர் மீண்டும் ஒழுங்காக்க வேண்டும். அதுவும் நாளும் இரவும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

விரைவுக்கும் துல்லியத்துக்கும் உள்ள இந்த இழுபறியை அறிஞர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய் அளந்திருக்கின்றனர். 1899இல் ராபர்ட் வுட்வொர்த் என்னும் உளவியலாளர், சீரான தாளத்துக்கு ஏற்பக் கோடு இழுக்கும்படி சிலரிடம் சொன்னார். ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டும், ஒருமுறை மூடிக்கொண்டும் அவர்கள் கோடு இழுத்தனர். தாளம் மெதுவாக இருந்தபோது கண் திறந்திருந்தவர்களின் கோடு மிகத் துல்லியமாக அமைந்தது. தாளம் விரைவுபடவும் பிழை கூடிக்கொண்டே போனது. மிக வேகமான தாளத்திலோ, கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கை அவ்வளவு வேகமாக ஓடும்போது, கண் கண்டதைக் கொண்டு கையைத் திருத்த நேரமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காதவர்போல் ஆகிவிடுகிறோம் என்பதே இதன் பொருள்.

1954இல் பால் ஃபிட்ஸ் என்பவர் இன்னொரு சோதனை நடத்தினார். கையில் உலோகக்கோல் ஒன்றைக் கொடுத்து, இரண்டு தகடுகளை மாறி மாறித் தொடச் செய்தார். தகடுகள் குறுகலாகும்போதும், அவற்றின் இடைவெளி கூடும்போதும், ஒவ்வோர் அசைவுக்கும் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. பேரங்காடி ஊழியர் இதை ஒவ்வோர் இரவும் உணர்கிறார். பத்துக் கிலோ அரிசிப் பையை அதன் இடத்தில் வைப்பது பாரமான வேலை. ஆனால், இடம் தவறாது. மசாலைத்தூள் பொட்டலங்களை அவற்றுக்குரிய குறுகிய பெட்டிகளில் பிரித்து வைப்பது இலேசான வேலை. ஆனால், மீன் மசாலையும் இறைச்சி மசாலையும் எளிதில் இடம் மாறிப்போகும். இரண்டுக்கும் ஒரே வேகத்தை எதிர்பார்ப்பது அறியாமை.

ஆய்வுக்கூடம் எதையும் பார்த்திராத ஒருவருக்கு இவையெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் இன்று குடியிருப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இடங்களுள் சில, முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. அங்கே பால்மரம் வெட்டிய பாட்டிமார் பலர் இன்றும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்களுடைய இளமைக்கால வேலை முழுவதும் விரைவும் துல்லியமும் ஒன்றையொன்று இழுத்த வேலைதான்.

பால்மரம் வெட்டுபவர் விடியுமுன்பே புறப்பட வேண்டும். அந்நேரத்தில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறையும். ஒருவருக்கு ஒதுக்கிய நிரைகளில் நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்கும். ஆகவே, விரைவு வேண்டும். ஆனால், கத்தி ஒரு மெல்லிய சீவலைத்தான் எடுக்கலாம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தை வளர்க்கும் உயிர்ப்படை ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறினாலும் அவ்விடத்தில் பட்டை மேடுபள்ளமாகவே வளரும். பல ஆண்டுகளுக்குப் பிறகு, புதிதாய் வளர்ந்த அந்தப் பட்டையை வெட்ட வருபவர்தான் அதற்கான விலையைக் கொடுப்பார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்துப் பரப்பினார். மலாயாவின் ரப்பர்த் தொழில் அந்தச் சீவலின் மீதுதான் எழுந்தது. அதை நாள்தோறும் செய்து காட்டியவை நம் மக்களின் கைகள்.

அந்தப் பாட்டியிடம், “எப்படிப் பாட்டி இத்தனை மரத்தையும் முடிச்சீங்க?” என்று பேத்தி கேட்டால், கையை வேகமாக வீசியதாக அவர் சொல்லமாட்டார். கத்தியை நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டதைச் சொல்வார். எந்த மரத்தில் தொடங்கி, எந்த வழியாகச் சுற்றி, எங்கே முடிப்பது என்று கால்களுக்குத் தெரிந்திருந்ததைச் சொல்வார். ஒருமுறை வெட்டிய மரத்துக்கு மங்கு வைக்க மறந்து மீண்டும் ஓடாததைச் சொல்வார். மரத்தின் முன் நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவர் அவசரப்பட்டதே இல்லை. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியைச் சோம்பேறிக்குச் சொன்ன சாக்காகச் சிலர் எண்ணுவர். நிரையில் நடந்தவருக்கு அது வேலையின் இலக்கணம்.

இதைப் பேரங்காடிக்குக் கொண்டுவந்தால், விரைவு என்பது இரண்டு வகை என்பது புலப்படும். கையை வேகப்படுத்திப் பெறும் விரைவு ஒரு வகை. வுட்வொர்த் காட்டியதுபோல் அதற்குப் பிழையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீண் நடையையும் வீண் திரும்பலையும் குறைத்துப் பெறும் விரைவு மற்றொரு வகை. இடம் மாறிக்கிடக்கும் பொருளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கடையின் கடைக்கோடிக்கு ஓடும் புதிய ஊழியரைக் காணலாம். அனுபவமுள்ளவர் ஒரு கூடையைத் தள்ளிக்கொண்டே வருவார். வேற்றிடத்துப் பொருள்களை அதில் சேர்ப்பார். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் அவற்றின் வீட்டுக்கு அனுப்புவார். தட்டில் உள்ள பழைய டின்களை முதலில் முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் புதியதை வைப்பார். பின்னால் வைத்தபிறகு முன்னால் இழுக்க முயல்பவர் ஒரே வேலையை இருமுறை செய்கிறார். மேல் தட்டில் தொடங்கிக் கீழே வருவார். மேலிருந்து விழும் தூசியைத் துடைத்த தட்டில் மீண்டும் துடைக்க நேராது. இந்த வகை விரைவுக்குத் துல்லியம் எதையும் இழப்பதில்லை.

பின், எல்லாப் பிழைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஷாம்பு புட்டியின் பெயர் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால் யாருக்கும் கேடில்லை. அங்கே கை ஓடலாம். ஆனால், குழந்தைப் பால்மாவு டின்கள் வயதுக்கேற்ப எண்ணிடப்பட்டுப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு வாங்க வந்த தந்தை, மூன்று வயதுக்குரியதை அதே இடத்திலிருந்து எடுத்துப் போகக்கூடும். ஹலால் அல்லாத பொருள்களுக்கு நம் நாட்டுப் பேரங்காடிகளில் தனிப்பகுதி உண்டு. அங்கிருந்து யாரோ தூக்கிவந்த ஒரு டின்னை அவசரத்தில் பொது அடுக்கில் சொருகிவிட்டால், அது அண்டை வீட்டாரின் நம்பிக்கையைத் தொடும் பிழையாகும். சவர்க்காரத் தட்டில் வியர்த்துக் கிடந்த கோழியும் அப்படித்தான். அதைக் குளிர்ப்பெட்டியில் திரும்பப் போட ஐந்து நொடி போதும். அது எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று யாருக்கும் தெரியாதே! எடுத்துவைத்துக் கண்காணிப்பாளரிடம் சொல்வதுதான் முறை. நல்ல ஊழியர் நூறு இடங்களில் ஓடி, இப்படிப்பட்ட மூன்று நான்கு இடங்களில் நிற்கிறார்.

விலைச்சீட்டும் அந்த மூன்று நான்கில் ஒன்று. ஒரு பொருளின் இடத்தை இரண்டு விரற்கடை நகர்த்தினால்போதும், அது அடுத்த பொருளின் விலைச்சீட்டுக்கு மேலே நிற்கும். எண்ணெய் 6 ரிங்கிட் என்று எண்ணி எடுத்து வந்த முதியவரிடம், காசாளர் 8 ரிங்கிட் 50 சென் என்கிறார். பின்னால் வரிசை நீண்டு நிற்கிறது. அவர் பணப்பையை இருமுறை திறந்து மூடுகிறார். பிறகு, “இது வேணாம்மா” என்று எண்ணெய்யை ஓரமாக வைக்கிறார். விலை குறித்துத் தவறான தகவல் காட்டுவது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். அந்த முதியவரோ சட்டத்தை நினைப்பதில்லை. தாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

பிழைக்குரிய செலவை இப்படி வேறு யாரோ, வேறு நேரத்தில் கொடுப்பதுதான் இவ்வேலையில் மிகச் சிக்கலானது. அவசரப்பட்டவர் பாராட்டுப் பெற்று வீட்டுக்குப் போயிருப்பார். காசாளர் முகப்பிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் ஐந்து மீப் பொட்டலங்களைக் கொண்டுவருகிறார். மூன்று கறிச்சுவை, இரண்டு கோழிச்சுவை. விலை ஒன்றுதானே என்று காசாளர் ஒரே பொட்டலத்தின் பார்கோடை ஐந்துமுறை காட்டிவிடுகிறார். பணம் சரி. ஆனால், கணினியின் கணக்கில் கறிச்சுவை இரண்டு குறைகிறது. கோழிச்சுவை இரண்டு கூடுகிறது. சில வாரங்களில் கோழிச்சுவை தட்டில் தீர்ந்துவிடும். கணினியோ இன்னும் இருப்பு உண்டு என்று சாதிக்கும். புதிய சரக்குக்கு ஆணை போகாது. நிகோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறக்குறைய 370,000 இருப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். அவற்றுள் 65 விழுக்காடு உண்மையான எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. இடம் மாறி வைத்த பொருளும் இத்தகைய தொல்லையையே தரும். அது கடைக்குள்தான் இருக்கிறது. ஆனால், தேடி வந்தவருக்கு இல்லை. கிடைக்காமல் திரும்புபவர் புகார் எழுதுவதில்லை; அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

அப்படியிருந்தும், பிள்ளைகள் ஏன் அவசரப்படுகின்றனர்? அவர்களை மட்டும் குறைசொல்வது நேர்மையன்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டிகள் பிரிக்கப்பட்டன என்பதை எண்ணுவது எளிது. எத்தனை டின்கள் சரியான வரிசையில், சரியான தேதி ஒழுங்கில், சரியான விலைச்சீட்டுக்கு மேல் நிற்கின்றன என்பதை எண்ண நேரம் வேண்டும். எளிதாக எண்ணக்கூடியதை மட்டுமே எண்ணும் இடத்தில், ஊழியர் எண்ணப்படுவதையே செய்வார். தேர்வில் விடையின் நீளத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் மாணவர் என்ன எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய தோட்டத்து வாழ்க்கையில் கொடுமைகள் பல இருந்தன. அதைப் பொற்காலம் என்று பாடுவது தவறு. ஆனால், இந்த ஒன்றில் தோட்டம் தெளிவாக இருந்தது. கொண்டுவந்த பாலை நிறுத்து எழுத ஒரு கிராணி இருந்தார். நிரைக்குள் நடந்து, பட்டையில் காயம் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்க்க ஒரு மண்டோர் இருந்தார். பால் குறைந்தாலும் கேள்வி வரும். மரம் காயப்பட்டாலும் கேள்வி வரும். அந்தக் கேள்வி கடுமையாகவே கேட்கப்பட்டது. இருந்தாலும், இரண்டும் கேட்கப்பட்டன.

பேரங்காடியில் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க முடியாது. வேலை முடியும் நேரத்தில் கண்காணிப்பாளரும் ஊழியரும் சேர்ந்து நடந்து, வரிசையில் எங்கேனும் பத்துப் பொருள்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். தேதி என்ன, விலைச்சீட்டு எது, இதன் இடம் இதுதானா? ஐந்து நிமிடம் ஆகும். பத்தில் இரண்டு தவறாக இருந்தால், எந்தத் தட்டில் கை கண்ணை முந்தியது என்பது இருவருக்கும் அப்போதே தெரிந்துவிடும். மறுநாள் அந்தத் தட்டுக்கு மட்டும் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். மற்ற வரிசைகள் வழக்கமான வேகத்திலேயே நடக்கலாம்.